க்ரூஸ் கப்பலில் இரவுச் சாப்பாடு: முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, நினைத்த நேரமா?

க்ரூஸ் டிக்கெட் போடும்போது பால்கனி வேண்டுமா, எந்தத் தளம், முன்பக்கமா பின்பக்கமா என்று மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வோம். எல்லாம் முடிந்து பணம் கட்டப் போகிற நேரத்தில் சின்னதாக ஒரு கேள்வி வரும்: இரவு உணவு எப்போது வேண்டும், முன்னேரமா, பின்னேரமா, உங்கள் விருப்பம்போலவா? நிறையப் பேர் அதில் ஏற்கெனவே எது டிக் ஆகியிருக்கிறதோ அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் என் முதல் பயணத்தில் அப்படித்தான் போனேன். ஏழு நாளும் மாலை 5:30-க்கு, மூன்று மணிக்கு பஃபேயில் சாப்பிட்டது வயிற்றில் அப்படியே இருக்க, நீச்சல் குளத்து ஈரம் காயாத தலையோடு, ஓடிப்போய் மேசையில் உட்கார்ந்தேன். சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, பசிதான் இல்லை. பசி வந்தது ராத்திரி பத்தரைக்கு, அப்போது பீட்சா கவுண்டரில் என்னைப்போலவே இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

பந்திக்கு முந்தச் சொன்னவர்கள் யாரும் க்ரூஸ் போயிருக்க மாட்டார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. முதல்முறை போகிறவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை நான் இப்போது பார்க்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ளுங்கள்

கப்பலில் பஃபே, பீட்சா, தனிக் கட்டண உணவகம் என்று எத்தனையோ இருந்தாலும், டிக்கெட் விலைக்குள்ளேயே வருகிற, மேசையில் உட்காரவைத்துப் பரிமாறுகிற பெரிய இடம் மெயின் டைனிங் ரூம்தான். அதில் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. ராயல் கரீபியனின் ஐகான் ஆஃப் தி சீஸ் (2024-இல் ஓடத் தொடங்கியது) அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டாலே 5,610 பேரை ஏற்றுகிற கப்பல், அத்தனை பேருக்கும் ஒரே வேளையில் நாற்காலி போட எந்தக் கப்பலிலும் இடம் கிடையாது. ஆகவே பழைய வழி, இரண்டு பந்தி. முதல் பந்தி பெரும்பாலும் மாலை 5:30 அல்லது 6 மணிக்கு, இரண்டாம் பந்தி 8 அல்லது 8:30 மணிக்கு. கப்பலுக்குக் கப்பல் கால் மணி, அரை மணி நேரம் முன்பின் இருக்கும்.

இந்தப் பந்தி முறையில் உங்களுக்கு ஒரு மேசை எண் கொடுத்துவிடுவார்கள். கடைசி நாள் வரைக்கும் அதே மேசை, அதே வெயிட்டர், அதே உதவி வெயிட்டர், பெரிய மேசையாக இருந்தால் அதே பக்கத்து ஆட்கள். உங்கள் விருப்பம்போல என்கிற நெகிழ்வு முறையில் மேசை எண் எதுவும் கிடையாது. மாலை 5:30-லிருந்து இரவு 9 மணி சுமாருக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எந்த மேசை காலியோ அது உங்களுக்கு, வெயிட்டரும் தினம் மாறலாம். மெனு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். நல்ல ஐட்டம் எல்லாம் முதல் பந்திக்கே தீர்ந்துவிடும் என்று ஒரு பயம் சிலருக்கு உண்டு, அப்படி எதுவும் இல்லை.

ஒவ்வொரு நிறுவனமும் இந்த நெகிழ்வு முறைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. ராயல் கரீபியனில் மை டைம் டைனிங், கார்னிவலில் யுவர் டைம் டைனிங், செலிபிரிட்டியில் செலக்ட் டைனிங். புக்கிங் பக்கத்தில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் ஏதோ கூடுதல் கட்டணத் திட்டம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், சொல்வது இதைத்தான்.

சில கப்பல்களில் இந்தக் கேள்வியே வராது. நார்வீஜியன் க்ரூஸ் லைன் 2000-இல் ஃப்ரீஸ்டைல் என்று ஆரம்பித்ததிலிருந்து அங்கே பந்தி முறையே இல்லை, வருகிற நேரத்தில் சாப்பிட வேண்டியதுதான். விர்ஜின் வாயேஜஸில் மெயின் டைனிங் ரூம் என்ற ஒன்றே கிடையாது, பல சின்ன உணவகங்கள்தான், ஆப்பில் முன்பதிவு செய்து போகிறார்கள். வைக்கிங், ஓஷியானியா, சீபோர்ன் போன்ற சிறிய கப்பல்காரர்களும் விருப்ப நேரம்தான். டிஸ்னி இதற்கு நேர் எதிர். அங்கே நேரம் கறாராக இரண்டே இரண்டு, வழக்கமாக 5:45-உம் 8:15-உம். ஆனால் உணவகம் தினம் மாறும், மூன்று உணவகங்களைச் சுற்றிச்சுற்றி வருவீர்கள், உங்கள் வெயிட்டரும் உங்களோடேயே இடம் மாறி வருவார். குனார்ட் நிறுவனத்தில் நீங்கள் எந்த அறை எடுத்தீர்கள் என்பதே சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்கும்: சாதாரண அறைக்காரர்களுக்கு பிரிட்டானியா உணவகத்தில் வழக்கமாக இரண்டு பந்தி, கிரில் என்கிற விலை உயர்ந்த சொகுசு அறைக்காரர்களுக்கு அவர்களுக்கென்றே ஒரு மேசை, நேரம் அவர்கள் இஷ்டம். அதனால் மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் உங்கள் கப்பலில் தேர்வு என்று ஒன்று இருக்கிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: துறைமுக அட்டவணையை எடுத்து வையுங்கள்

எனக்கு இதுதான் முதல் வேலை, பாதி முடிவு இதிலேயே வந்துவிடும். புக்கிங்கில் ஒவ்வொரு நாளும் கப்பல் எத்தனை மணிக்குக் கரையை விட்டுக் கிளம்பும் என்று போட்டிருப்பார்கள். அதை ஒரு தாளில் எழுதுங்கள். அதிலிருந்து அரை மணியோ ஒரு மணியோ கழித்தால் கடைசியாகக் கப்பலில் ஏறியாக வேண்டிய நேரம். வெயிலில் சுற்றிவிட்டு வந்து, பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்று, லிஃப்டுக்குக் காத்திருந்து, குளித்து, உடை மாற்றி, டைனிங் ரூம் வாசலுக்குப் போய்ச் சேரக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். குடும்பத்தோடு என்றால் ஒன்றரை. ஒரே குளியலறை என்பதை மறந்துவிடாதீர்கள், அதிலும் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய அளவு குளியலறை.

கரீபியன் பயணங்களில் நிறையத் துறைமுகங்களில் காலை எட்டு மணிக்கு இறங்கினால் மாலை நான்கு, ஐந்துக்குள் கப்பல் கிளம்பிவிடும். ஆக முதல் பந்திக்குக் கொஞ்சம் ஓட்டமாக இருந்தாலும் சமாளிக்கலாம். மத்தியதரைக் கடல் கதை வேறு. ரோம் பார்க்க வேண்டும் என்றால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோம் அங்கிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரப் பயணம். ஃபுளோரன்ஸ் பார்க்க லிவோர்னோவில் இறங்க வேண்டும், அதுவும் கிட்டத்தட்ட அதே தூரம். முழு நாள் சுற்றுலா போய்விட்டு ஐந்தரை, ஆறு மணிக்குக் கால் வலியோடு திரும்பி வருகிறவருக்கு ஆறு மணிப் பந்தி என்பது தண்டனை. அந்த மாதிரிப் பயணத்துக்கு இரண்டாம் பந்தி, இல்லையென்றால் நெகிழ்வு நேரம்.

அலாஸ்கா இன்னொரு ரகம். ஜூன் மாதம் ஜூனோவில் சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகும். சில கப்பல்கள் அங்கே இரவு வரைக்கும் நிற்கும். கடலில் போகும்போதும் எப்போது திமிங்கிலம் தலைகாட்டும் என்று யாருக்கும் தெரியாது. சூப் வருகிற நேரத்தில் மேல்தளத்தில் எல்லாரும் ஒரு பக்கமாக ஓடுகிற சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன், போய்ச் சேர்வதற்குள் அது போய்விட்டது. அங்கே நெகிழ்வு நேரம்தான் என் ஓட்டு.

துறைமுக நாட்கள் குறைவாகவும் கடல் நாட்கள் அதிகமாகவும் இருக்கிற பயணம் என்றால் இந்தப் படி பெரிதாக உதவாது, அடுத்ததைப் பாருங்கள்.

படி 2: உங்கள் வயிறு என்ன சொல்கிறது

வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்களோ அதையே தேர்ந்தெடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. விடுமுறையில் காலையில் தாமதமாக எழுந்து, பத்தரைக்கு டிபன், மூன்றுக்கு மதியச் சாப்பாடு என்று நாளே தள்ளிப்போய்விடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். டைனிங் ரூமில் முதலில் ஒரு ஸ்டார்ட்டர், அப்புறம் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு என்று நிதானமாகத்தான் வரும், ஒன்றரை மணி நேரம் சர்வசாதாரணம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். எட்டரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பத்தரை. சாப்பிட்ட உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வருகிறவர்களுக்கு இரண்டாம் பந்தி வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்களுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் சாப்பாடு வருவது முக்கியம், அவர்களுக்கு முதல் பந்தி மாதிரி நிம்மதி எதுவும் இல்லை, நெகிழ்வு நேரம் எடுத்து வரிசையில் நாற்பது நிமிடம் நிற்கிற வேலை அவர்களுக்கு வேண்டாம்.

ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கும், குறிப்பிட்ட பொருட்களைச் சாப்பிடாதவர்களுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பந்தி முறைதான். காரணம் ஒரே வெயிட்டர். முதல் நாள் இரவே ஹெட் வெயிட்டரிடம் சொல்லிவிட்டால், மறுநாள் மெனுவை முந்தின நாள் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து காட்டுவார், நீங்கள் தேர்ந்தெடுத்ததைச் சமையலறையில் தனியாகச் செய்து வைப்பார்கள். எங்கள் மேசையில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு பெண் இருந்தார். முதல் இரவு அவரே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். இரண்டாம் இரவு அவர் வாயைத் திறப்பதற்குள் வெயிட்டர், இனிப்பில் மூன்றாவதை மட்டும் தொடாதீர்கள், உங்களுக்கு வேறு வைத்திருக்கிறேன் என்றார். மூன்றாம் இரவிலிருந்து அந்தப் பேச்சே எழவில்லை. நெகிழ்வு முறையிலும் இது நடக்கும், நடக்கத்தான் வேண்டும், ஆனால் ஒவ்வொரு நாளும் புதிய வெயிட்டரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

குழந்தைகள் இருந்தால்? சின்னக் குழந்தைகள் என்றால் முதல் பந்தி என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். எட்டு மணிக்கு டைனிங் ரூமில் மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிற குழந்தையையும், அதைப் பார்த்தபடியே அவசர அவசரமாகச் சாப்பிடுகிற அப்பாவையும் எந்தக் கப்பலிலும் பார்க்கலாம். டிஸ்னியில் மட்டும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. இரண்டாம் பந்தியில் குழந்தைகளுக்குச் சீக்கிரம் பரிமாறிவிடுவார்கள், கப்பலில் குழந்தைகளுக்கென்று இருக்கிற விளையாட்டு மன்றத்தின் ஆட்களே டைனிங் ரூமுக்கு வந்து அவர்களை விளையாட அழைத்துப்போவார்கள், பெரியவர்கள் மீதியை நிதானமாகச் சாப்பிடலாம்.

படி 3: யாரோடு உட்காரப் போகிறீர்கள்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, பயணத்தின் ருசியையே மாற்றுகிற விஷயம் இது. பந்தி முறையில் இரண்டு பேர் மேசை கேட்டால் கிடைக்கலாம், ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு. ஆறு, எட்டு, பத்து பேர் மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்காரவைப்பது சகஜம். அப்படிப் பழகி வருஷக்கணக்காகச் சேர்ந்தே பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் நாளே முகம் சுளித்து ஏழு நாளும் நரகமாகப் போனவர்களும் இருக்கிறார்கள். ஒரு கப்பலில் எங்கள் மேசைக்காரர் ஒருவர், தான் இதுவரை போன முப்பது சொச்சம் க்ரூஸ்களையும் ஸ்டார்ட்டரிலிருந்து இனிப்பு வரைக்கும் வரிசையாகச் சொல்வார். நல்ல மனிதர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் நான்காம் நாள் நாங்கள் பஃபேயில் ஒளிந்துகொண்டோம்.

இரண்டு பேர் மேசை கிடைத்தாலும் தனிமை என்று நம்பிவிடாதீர்கள். பல கப்பல்களில் அந்தச் சின்ன மேசைகளை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாகப் போட்டிருப்பார்கள், பக்கத்து மேசைக்காரர் உப்பு கேட்டால் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம்.

தனியாகப் பயணம் செய்கிறவர்களுக்கு என் ஆலோசனை, பெரிய மேசையில் பந்தி முறை. நெகிழ்வு முறையில் தினமும் ஒற்றை ஆளாக வாசலில் நின்று, பகிர்ந்து உட்காரச் சம்மதமா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது இரண்டு நாளில் அலுத்துவிடும்.

உறவினர்கள், நண்பர்கள் என்று இரண்டு மூன்று அறை எடுத்துக் கூட்டமாகப் போகிறீர்களா? அப்போது இரண்டு வேலை. எல்லா அறைக்காரர்களும் ஒரே சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், பாதிப் பேர் பந்தி, பாதிப் பேர் நெகிழ்வு என்று இருந்தால் ஒன்றாக உட்காரவைக்க மாட்டார்கள், பெரிய கப்பல்களில் இரண்டுக்கும் டைனிங் ரூமின் தளமே வேறாக இருக்கும். அப்புறம், நிறுவனத்தையோ உங்கள் முகவரையோ கூப்பிட்டு, எல்லா புக்கிங் எண்களையும் சாப்பாட்டுக்காக இணைக்கச் சொல்லுங்கள். இணைத்தாயிற்று என்று அவர்கள் சொன்னாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு முறை கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேசை வேண்டும் என்றால் நெகிழ்வு முறை பக்கமே போகாதீர்கள், ஏழரை மணிக்குப் பன்னிரண்டு நாற்காலி சேர்ந்தாற்போல் காலியாவது லாட்டரி மாதிரி.

படி 4: ஷோ நேரம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பந்தி முறை இருக்கிற கப்பல்களில் அரங்கத்தில் பெரிய நிகழ்ச்சியைப் பெரும்பாலும் இரண்டு முறை நடத்துவார்கள், முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம், இரண்டாம் பந்திக்காரர்கள் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். நெகிழ்வு முறையில் இந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். ஷோவுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னால் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. அவசரம் என்றால் உட்கார்ந்த உடனேயே வெயிட்டரிடம் ஷோ நேரத்தைச் சொல்லிவிடுங்கள், பரிமாறுவதை விரைவுபடுத்துவார்கள்.

படி 5: சீக்கிரம் தேர்ந்தெடுங்கள், கிடைக்காவிட்டால் கலங்காதீர்கள்

எந்தப் பந்தி முதலில் நிரம்பும் என்பது பயணத்தைப் பொறுத்தது. குழந்தைகளும் வயதானவர்களும் அதிகமாக வருகிற பயணங்களில் முதல் பந்திக்குத்தான் அடிதடி. டிக்கெட் போடும்போதே தேர்ந்தெடுங்கள். கேட்டது கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் போட்டால், இடையிடையே ஆப்பிலோ இணையப் பக்கத்திலோ எட்டிப் பாருங்கள், மீதித் தொகை கட்டுகிற கடைசித் தேதியை ஒட்டி நிறையப் பேர் பயணத்தை ரத்துசெய்வதால் அப்போது இடம் நகரும்.

நகரவே இல்லையா? கப்பலில் ஏறும் நாளுக்குக் காத்திருங்கள்.

படி 6: ஏறிய முதல் நாள் செய்ய வேண்டியது

ஏறியதும் எல்லாரும் பஃபேக்கும் நீச்சல் குளத்துக்கும் ஓடுவார்கள். உங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் நீங்கள் ஓட வேண்டிய இடம் டைனிங் ரூம். அதன் பொறுப்பாளரை மேத்ர டி என்பார்கள். முதல் நாள் மதியம் குறிப்பிட்ட நேரம் அவரோ அவருடைய ஆட்களோ இதற்காகவே ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், எங்கே எத்தனை மணிக்கு என்பது அன்றைய நிகழ்ச்சித் தாளிலோ ஆப்பிலோ இருக்கும். பந்தி மாற்றம், மேசை மாற்றம், நெகிழ்வு நேரத்துக்கு மாறுவது எல்லாம் அங்கேதான். சீக்கிரம் போகிறவருக்குச் சீக்கிரம் கிடைக்கும், பந்திக்கு முந்து என்பது கப்பலில் பலிக்கிற ஒரே இடம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது அறை எண்ணும் கப்பல் அட்டையும் கையில் இருக்கட்டும். பல கப்பல்களில் அந்த அட்டையிலேயே பந்தி நேரமும் மேசை எண்ணும் அச்சாகியிருக்கும். சும்மா வேறு நேரம் வேண்டும் என்று சொல்லாமல் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: அம்மாவுக்கு மருந்து நேரம், குழந்தை எட்டு மணிக்குத் தூங்கிவிடும், மறுநாள் ரோம் போகிறோம். காரணம் சொன்னவரை நினைவில் வைத்துக்கொள்வது அவருக்குச் சுலபம். அப்போதே இல்லை என்று சொன்னாலும் இரண்டாம் நாள் மறுபடி கேளுங்கள், முதல் இரவு காலியாகவே கிடந்த மேசைகள் எவை என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

மேசைத் துணை பிடிக்கவில்லை என்றாலும் முதல் இரவு முடிந்ததும் இவரிடம்தான் போக வேண்டும். சங்கடப்பட வேண்டாம், இது அவருடைய தினசரி வேலை. ஐந்தாம் நாள் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டால்தான் அவருக்கே கஷ்டம்.

நெகிழ்வு நேரம் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் தனியாக

எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதை, போன உடனே மேசை கிடைக்கும் என்று படித்துக்கொள்கிறவர்கள்தான் வாசலில் கோபமாக நிற்கிறவர்கள். எல்லாருக்கும் பசி ஒரே நேரத்தில் வருகிறது. ஆறரை முதல் ஏழரை வரை கூட்டம் முட்டும், கையில் ஒரு பேஜரைக் கொடுத்து, அது துடிக்கும்போது வாருங்கள் என்பார்கள், அல்லது ஆப்பில் வரிசை போடச் சொல்வார்கள். கார்னிவலில் அவர்களுடைய ஹப் ஆப்பிலேயே அறையில் இருந்தபடி பெயரைப் பதிந்துவிட்டு, மேசை தயார் என்று தகவல் வந்ததும் இறங்கிப் போகலாம். பிரின்சஸ் நிறுவனக் கப்பல்களிலும் ஆப்பில் முன்பதிவு உண்டு.

இதைச் சமாளிக்க இரண்டே வழி. ஒன்று, கூட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ போவது, ஆறு மணிக்கு முன்னால் அல்லது எட்டு மணி வாக்கில். இன்னொன்று, முன்பதிவு. நெகிழ்வு முறையிலும் நிறையக் கப்பல்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. தினமும் ஏழு மணிக்கு என்று எல்லா நாளுக்கும் பதிந்துவிடுகிறவர்களும் உண்டு, நீங்கள் பார்த்துப் பொறாமைப்படுகிற அந்தத் தனி வரிசைக்காரர்கள் அவர்கள்தான். தேவைப்படாத நாளுக்கு ரத்துசெய்துவிடலாம்.

வெயிட்டர் தினம் மாறுவது பிடிக்கவில்லை என்றால், பிடித்தவரின் பெயரையும் மேசைப் பகுதியையும் குறித்துக்கொண்டு, மறுநாள் வாசலில் அவருடைய பகுதியில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருக்கலாம், பெரும்பாலும் கிடைத்துவிடும். நான் இப்போது செய்வது இதைத்தான். இரண்டு முறையின் நல்லதும் கைக்கு வந்துவிடுகிறது, பன்னிரண்டு பேர் கூட்டமாக இல்லாத வரை.

பந்தி எடுத்தவர்கள் மறக்கக் கூடாதவை

நேரத்துக்குப் போங்கள். பத்து நிமிடத் தாமதத்தை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள், அரை மணி நேரம் போனால் கதவைச் சாத்திவிடலாம், அதற்குள் உங்கள் மேசைக்காரர்கள் உங்களுக்காகக் காத்துக்கொண்டு ரொட்டியையே தின்று முடித்திருப்பார்கள். கடிகார விஷயத்தில் கவனம். கப்பல் நேரமும் கைபேசி காட்டுகிற நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கரையோரம் போகும்போது கைபேசி அந்த ஊர் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்போ பின்போ தாவிவிடும். அறையில் இருக்கிற தொலைபேசியோ தொலைக்காட்சியோ காட்டுகிற நேரத்தை நம்புங்கள்.

ஒரு நாள் வேறு உணவகம் போகிறீர்கள், அல்லது அலுப்பில் அறையிலேயே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் தாராளமாகச் செய்யலாம், பந்தி என்பது கட்டாய வருகைப்பதிவு இல்லை. முந்தின நாளே வெயிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். தனிக் கட்டண உணவகத்துக்கு முன்பதிவு செய்கிற நாளை யோசித்து வையுங்கள், முதல் பந்திக்காரர்கள் கப்பல் தாமதமாகக் கிளம்புகிற துறைமுக நாளில் அதை வைத்துக்கொண்டால் ஓட்டம் மிச்சம்.

ஒயின் பாட்டில் வாங்கி மீதம் இருந்தால் அறை எண் எழுதி எடுத்து வைப்பார்கள், மறுநாள் உங்கள் மேசைக்கு வரும். டிப்ஸுக்கு இரண்டு முறையிலும் ஒரே ஏற்பாடுதான், பெரும்பாலான பெரிய கப்பல்களில் தினசரிச் சேவைக் கட்டணமாகக் கணக்கில் ஏறிவிடும், அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். நன்றாக உடுத்தி வரச் சொல்கிற இரவுகளும் இரண்டு முறைக்கும் பொது.

கடைசி இரவைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் கரையில் கொடுப்பதற்காகப் பெட்டிகளை அன்று இரவு பத்து, பதினொரு மணிக்குள் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். இரண்டாம் பந்திக்காரர் சாப்பிட்டு முடித்து, வெயிட்டரிடம் விடைபெற்று, போட்டோ எடுத்து அறைக்கு வரும்போது அந்த நேரம் ஆகிவிடும். ஆகவே சாப்பிடப் போவதற்கு முன்பே கட்டி முடித்து வெளியே வைத்துவிட்டுப் போங்கள். அதற்கு முன் மறுநாள் போட ஒரு சட்டை, பேன்ட், செருப்பு எல்லாம் தனியாக எடுத்து வைத்தீர்களா என்று பாருங்கள். நான் செருப்பை எடுத்து வைக்கவில்லை. இரவு உணவுக்குப் போட்ட பளபளப்பான ஷூவோடு, அரைக்கால் சட்டையில், கப்பலை விட்டு இறங்கினேன்.